இயந்திரம் சொன்னால் மறுபேச்சே கிடையாதா?

சென்ற மாதம் ஓர் அலுவலகத்தில், ரேகைக் கருவி என் அம்மாவின் விரலை ஏற்கவில்லை. விரலைத் துடைத்து, ஈரத்துணியால் ஒற்றி, வலக்கை இடக்கை என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் திரையில் சிவப்பு எழுத்துதான் வந்தது. ஆண்டுக்கணக்கில் பாத்திரம் விளக்கியும் துணி துவைத்தும் ரேகை தேய்ந்துபோன விரல்கள் அவை. எதிரே இருந்த ஊழியர் அம்மாவைப் பல ஆண்டுகளாக அறிந்தவர். "மெஷின் எடுக்கலையேம்மா, நான் என்ன செய்ய?" என்றார் அவர். அவர்மீது எனக்குக் கோபமில்லை. தெரிந்தவரைத் தெரியும் என்று சொல்லும் உரிமையைக்கூட அவரிடமிருந்து எடுத்துவிட்டார்களே என்பதுதான் உறுத்துகிறது.

நான் தொழில்நுட்பத்துக்கு எதிரானவன் அல்லன். பார்வையற்ற என் நண்பர் ஒருவர், கடிதம் வந்தால் படித்துச் சொல்ல ஆள் தேடியவர், இன்று கைப்பேசி வாசித்துக் காட்டத் தன் வங்கிக் கணக்கைத் தானே கவனித்துக்கொள்கிறார். அந்த விடுதலையை நான் எள்ளளவும் குறைத்து மதிப்பிட மாட்டேன். இயந்திரங்கள் பிழை செய்யும் என்பதையும் ஏற்றுக்கொள்கிறேன். பிழை நேர்ந்துவிட்டது என்று சொல்பவரின் பேச்சு எடுபடாமல் போவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

தெராக்-25 என்ற கதிர்வீச்சுச் சிகிச்சை இயந்திரத்தின் கதை, மென்பொருள் எழுதும் பலரும் படித்திருக்கக்கூடியது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1985 முதல் 1987 வரை 6 நோயாளிகள் அதனால் அளவு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள், சிலர் உயிரிழந்தார்கள். முந்தைய மாதிரிகளில் இருந்த வன்பொருள் பாதுகாப்புப் பூட்டுகளை, அதாவது ஆபத்தான நிலையில் இயந்திரத்தைத் தடுக்கும் கருவியமைப்புகளை, மென்பொருளே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் நீக்கியிருந்தார்கள். உடம்பு எரிகிறது என்று நோயாளி சொன்னபோது, அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்ற பதில்தான் கிடைத்தது. 1986இல் டெக்சாஸின் டைலர் நகரில் இரண்டு பேர் பாதிக்கப்பட்ட பிறகு, அந்த மருத்துவமனையின் இயற்பியலாளரும் இயந்திரத்தை இயக்கியவரும் சேர்ந்து உட்கார்ந்து, அதே கட்டளைகளைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்தார்கள். தவறாகத் தட்டிய எழுத்தைச் சில வினாடிகளுக்குள் வேகமாகத் திருத்தினால் பிழை தலைகாட்டுகிறது என்று அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். நடந்ததை நடந்தது என்று நம்பி அவர்கள் தேடியிராவிட்டால், இன்னும் எத்தனை பேர் அந்த மேசையில் படுத்திருப்பார்களோ.

இதைவிட நீண்ட கொடுமை பிரிட்டிஷ் அஞ்சல் துறையில் நடந்தது. 1999 முதல் கிளை அஞ்சலகங்களில் புகுத்தப்பட்ட 'ஹொரைசன்' கணக்கு மென்பொருள், இல்லாத பற்றாக்குறைகளைக் காட்டியது. கணக்கில் கோளாறு என்று முறையிட்ட, அந்த அஞ்சலகங்களை நடத்தியவர்கள்மீதே திருட்டும் மோசடியும் சுமத்தப்பட்டன. 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பிடப்பட்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள், சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். கணினி சரியாக இயங்கியது என்று காட்டினால்தான் அதன் பதிவைச் சான்றாக ஏற்க வேண்டும் என்றிருந்த விதி 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டிருந்ததால், மாறாகக் காட்டப்படும்வரை கணினி சரி என்றே இங்கிலாந்து நீதிமன்றங்கள் கொண்டன. நிறுவனத்தின் உள்ளே இருக்கும் மென்பொருளின் குறையை, ஒரு சிறு அஞ்சலகத்தை நடத்துபவர் எதைக் கொண்டு நிரூபிப்பார்? தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யும் சட்டம் வர 2024 ஆயிற்று.

இப்போது கடன் விண்ணப்பத்தையும் வேலை விண்ணப்பத்தையும் செயற்கை நுண்ணறிவு சலித்தெடுக்கிறது. ஏன் மறுக்கப்பட்டது என்று கேட்டால், காரணத்தை விளக்கக்கூடியவர் அந்த அறையில் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகவே என் கோரிக்கை மிக எளிது: எந்தப் புதிய முறை வந்தாலும், அதன் முடிவை மாற்றும் அதிகாரமுள்ள ஒரு மனிதரின் பெயர் அதே கவுன்ட்டரில் எழுதி ஒட்டப்பட வேண்டும், முடிவு தவறில்லை என்று காட்டும் பொறுப்பு அந்த முறையைக் கொண்டுவந்தவரைச் சேர வேண்டும். அம்மா அன்று கேட்டதும் அதைத்தான்: "அப்படின்னா, நான் யார்கிட்டப் போய்ச் சொல்லணும்?"