பண்ணையார் வீட்டுப் பெட்டிகளும் பெயர் தேடி வருகிறவர்களும்

ஸ்டாக்வில் போய்வந்த படங்களைப் போட்டதிலிருந்து இன்பாக்ஸில் இரண்டு விதமான பேச்சு. ஒரு கூட்டம், "அடிமை வைத்திருந்தவன் வீட்டுக் கணக்கை எதற்குக் காப்பாற்ற வேண்டும், கொளுத்திவிட்டால் என்ன?" என்கிறது. இன்னொரு கூட்டம், "என்ன இருந்தாலும் இருநூறு வருஷக் காகிதத்தை எப்படிப் பத்திரமாக வைத்திருக்கிறான் பாருங்கள்" என்று மெச்சிக்கொள்கிறது. இரண்டு பேருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டர்ஹாம் நகரத்துக்கு வடக்கே இருக்கிறது ஸ்டாக்வில். பென்னஹன், கேமரன் என்று கல்யாணத்தால் ஒன்றான இரண்டு குடும்பங்களின் பண்ணை. 1860 வாக்கில் அவர்களுக்கு ஏறத்தாழ 30,000 ஏக்கர் நிலம், சுமார் 900 அடிமைகள். அந்த மாநிலத்தில் இவ்வளவு வைத்திருந்த குடும்பங்கள் அபூர்வம். ஹார்ட்டன் குரோவ் என்கிற பகுதியில் அடிமைகள் இருந்த வீடுகளில் சில இன்றும் நிற்கின்றன. இரண்டு மாடி, நாலு அறை, அறைக்கு ஒரு குடும்பம். புகைபோக்கிச் செங்கலைக் கிட்டே போய்ப் பார்த்தால் விரல் பதிந்த தடம் தெரியும். காயாத செங்கலைத் தூக்கியவரின் விரல். யார் என்று யாருக்கும் தெரியாது.

அந்த வீட்டுக் காகிதங்கள் ஸ்டாக்வில்லில் இல்லை. பக்கத்து ஊரான சேப்பல் ஹில்லில், வட கரோலினா பல்கலைக்கழகத்தின் வில்சன் நூலகத்தில் இருக்கின்றன. அங்கே 'சதர்ன் ஹிஸ்டாரிகல் கலெக்‌ஷன்' என்று ஒரு பெரிய ஆவணக் காப்பகம். தென் மாநிலங்களின் பெரிய குடும்பங்களுடைய கடிதம், நாட்குறிப்பு, பத்திரம், ரசீது, கடைக் கணக்கு எல்லாம் அதில் வந்து சேர்ந்திருக்கின்றன. கேமரன் குடும்பத்துக் காகிதங்கள் 1757இல் தொடங்கி இருபதாம் நூற்றாண்டு வரை நீள்கின்றன.

இதையெல்லாம் சேர்த்தவர் ஹாமில்டன் என்கிற வரலாற்றுப் பேராசிரியர். 1930இல் இந்தக் காப்பகத்தை முறைப்படி தொடங்கினார். காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், பழைய குடும்பத்துக் கிழவிகளிடம் நயமாகப் பேசி, பரணில் கிடந்த பெட்டிகளை வாங்கிவருவாராம். மற்ற மாநிலத்துக்காரர்கள் எரிச்சலில் அவருக்கு 'ரான்சாக்' ஹாமில்டன் என்று பேர் வைத்தார்கள். வீடு புகுந்து துழாவி அள்ளிப் போகிறவர் என்று அர்த்தம். ஆள் கில்லாடிதான், சந்தேகமில்லை. ஆனால் அவர் யாருடைய வரலாறு என்று நினைத்து அதைச் சேர்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். உள்நாட்டுப் போருக்குப் பிறகு கறுப்பினத்தவருக்கு ஓட்டுரிமை கிடைத்த காலத்தை ஒரு பெரிய தவறாகவே பார்த்த வரலாற்றுக் கூட்டத்தைச் சேர்ந்தவர் அவர். அந்தக் காலத்தைப் பற்றி 1914இல் அவர் எழுதிய புத்தகமும் அதே பார்வைதான்.

ஆக, பண்ணையார் வீட்டுக் காகிதத்தைப் பண்ணையாரின் புகழுக்காகச் சேர்த்த இடம். கொளுத்தச் சொல்கிறவர்கள் கோபப்படுவது புரிகிறது. ஆனால் கொளுத்தினால் யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள்.

அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கில் 1850இலும் 1860இலும் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. முதலாளியின் பெயர் இருக்கும். கீழே வயது, ஆணா பெண்ணா, நிறம், அவ்வளவுதான். அடிமையின் பெயருக்கு, வெகு சில இடங்கள் தவிர, இடமே கிடையாது. முன்னாள் அடிமைகள் பெயரோடு வருவது 1870 கணக்கில்தான். குடும்ப வேர் தேடும் கறுப்பின அமெரிக்கர்கள் இதை '1870 சுவர்' என்பார்கள். தாத்தாவுக்குத் தாத்தா வரை போய் அங்கே முட்டி நின்றுவிடுவார்கள். அந்தச் சுவரில் ஓட்டை போடக் கிடைப்பவை முதலாளி வீட்டுக் காகிதங்கள். அரசாங்கத்துக்கு எண்ணிக்கை போதும்; முதலாளிக்குப் போதாது. யாருக்குக் கம்பளி கொடுத்தோம், யாருக்குச் செருப்பு கொடுத்தோம், எந்தப் பெண்ணுக்கு எப்போது குழந்தை பிறந்தது என்று எழுதி வைத்தால்தான் சொத்துக் கணக்கு நேராகும். அதனால் பெயர் எழுதினான். இதில் கருணை ஒன்றும் இல்லை, ஆட்டுக்குட்டி பிறந்ததைக் குறிக்கும் அதே புத்திதான். இருந்தாலும் பெயர் இருக்கிறது.

அந்தப் பிறப்புப் பதிவுகளை வைத்து ஹெர்பர்ட் கட்மன் என்கிற வரலாற்றாசிரியர் என்ன செய்தார் தெரியுமா? 1965இல், கறுப்பினக் குடும்பம் சிதைந்து கிடக்கிறது, அதன் வேர் அடிமைக் காலத்தில் இருக்கிறது என்று மொய்னிஹன் என்கிற அரசு அதிகாரி ஓர் அறிக்கை எழுதியிருந்தார். கட்மன் கேமரன் பண்ணை உட்படப் பல பண்ணைகளின் பதிவுகளை எடுத்து, யாருக்கு யார் பிள்ளை என்று பொறுமையாகக் கோத்தார். நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகள் தெரிந்தார்கள். பிள்ளைக்கு அப்பா பெயர், பாட்டன் பெயர், மாமன் பெயர் வைக்கிற வழக்கம் தெரிந்தது. சட்டம் அவர்கள் கல்யாணத்தை ஏற்கவில்லை, அவர்களாகவே அதைக் காப்பாற்றினார்கள். 1976இல் அது புத்தகமாக வந்தது. சொத்துக் கணக்குக்கு எழுதின காகிதமே அந்த வாதத்துக்குப் பதில் சொன்னது. இது ஒன்று போதும், கொளுத்தக் கூடாது என்பதற்கு.

இப்போது மெச்சிக்கொள்கிற கூட்டத்துக்கு வருகிறேன். அவர்களோடுதான் எனக்குச் சண்டை அதிகம்.

கேமரன் குடும்பத்தில் மேரி வாக்கர் என்று ஒரு அடிமைப் பெண். நோயாளி மகளின் வைத்தியத்துக்காக அந்தக் குடும்பம் அடிமை முறை இல்லாத வடக்கு நகரமான ஃபிலடெல்ஃபியா போனபோது கூடப் போனவர், 1848இல் அங்கேயே தப்பித்துவிட்டார். அம்மாவும் மூன்று பிள்ளைகளும் வட கரோலினாவில் மாட்டிக்கொண்டார்கள். வடக்கே பீட்டர் லெஸ்லி என்கிற நிலவியல் அறிஞரும் அவர் மனைவி சூசனும் மேரிக்கு ஆதரவு கொடுத்தார்கள். 1859இல் லெஸ்லி கேமரன் வீட்டு மில்ட்ரெட்டுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். மேரியின் பிள்ளைகளை விலைக்காவது விட்டுவிடுங்கள், அவள் ஏங்கிக் கரைகிறாள் என்று மன்றாட்டு. அந்தக் குடும்பம் அசையவில்லை. ஆனால் கடிதத்தைக் கிழித்துப் போடவும் இல்லை, மற்ற கடிதங்களோடு கட்டி வைத்துவிட்டார்கள். ஒரு பிள்ளை முன்பே தானாகத் தப்பிவிட்டான். மற்ற இருவரும் 1865இல் போர் முடிந்த பிறகுதான் அம்மாவிடம் போய்ச் சேர்ந்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து சிட்னி நேத்தன்ஸ் என்கிற வரலாற்றாசிரியர் அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு மேரியின் வாழ்க்கையையே தேடி எழுதினார்.

இன்னொன்று இதைவிட மோசம். ஜார்ஜ் மோசஸ் ஹார்ட்டன் என்று ஒரு அடிமைக் கவிஞர். சேப்பல் ஹில் மாணவர்களுக்குக் காதல் கவிதை எழுதிக் கொடுத்துச் சில்லறை சம்பாதித்தவர். பெண்ணின் பெயர் எழுத்துகள் வரிக்கு வரி முதலில் வருகிற மாதிரி எழுதுவார். 1829இல் அவர் கவிதைகள் புத்தகமாக வந்தன. அந்தக் காசில் விடுதலை வாங்கலாம் என்று நம்பினார், நடக்கவில்லை. 1844இல் அடிமை ஒழிப்பு இயக்கத்து கேரிசனுக்கு ஒரு கடிதமும், பிறகு நியூயார்க் பத்திரிகை ஆசிரியர் ஹோரஸ் கிரீலிக்கு உதவி கேட்டு இன்னொன்றும் எழுதி, அனுப்பிவிடுங்கள் என்று பல்கலைக்கழகத் தலைவர் ஸ்வெயினிடம் கொடுத்தார். ஸ்வெயின் அனுப்பவே இல்லை. இரண்டும் ஸ்வெயினின் காகிதங்களோடேயே தங்கிவிட்டன.

சொல்லுங்கள், ஸ்வெயின் நல்ல காப்பாளரா இல்லையா? காகிதம் கசங்காமல் வைத்திருந்தாரே! போக வேண்டிய கைக்குப் போகவில்லை, அவ்வளவுதானே குறை. பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று யாராவது புல்லரித்தால் எனக்கு இந்த மனுஷன்தான் ஞாபகத்துக்கு வருகிறார்.

போகிற கைகளையும் எப்படித் தடுத்தார்கள் என்று பாருங்கள். ஜான் ஹோப் ஃபிராங்க்ளின், பிற்காலத்தில் பெரிய வரலாற்றாசிரியர், 1939இல் ஹார்வர்டு ஆராய்ச்சி மாணவராக, வட கரோலினாவின் தலைநகரான ராலேயில் மாநில ஆவணக் காப்பகத்துக்குப் போனார். ஒரு கறுப்பினத்தவர் வந்து படிப்பார் என்று கட்டடம் கட்டும்போது யோசிக்கவே இல்லை என்று இயக்குநர் கைபிசைந்திருக்கிறார். சில நாள் கழித்து வரச் சொல்லி, தனியாக ஒரு சின்ன அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். வெள்ளைக்கார ஊழியர் இவருக்கு எடுத்துக் கொடுக்க வேண்டாம் என்பதற்காக அலமாரிப் பகுதியின் சாவியையே கையில் கொடுத்துவிட்டார்கள். இவருக்குக் கொண்டாட்டம், வேண்டியதைத் தானே வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார். இதைப் பார்த்த வெள்ளை ஆராய்ச்சியாளர்கள், எங்களுக்கும் சாவி கொடு என்று புகார் செய்தார்கள். இரண்டு வாரத்தில் சாவியைப் பிடுங்கி, எல்லோரையும் போல அவருக்கும் எடுத்துக் கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். பாகுபாடு தன் காலில் தானே இடறி விழுந்த இடம் அது. ஃபிராங்க்ளினே இதைப் பல முறை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இப்போது அந்தத் தடை இல்லை. வில்சன் நூலகத்துக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. பையை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலோடு உட்கார வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு ஃபோல்டர்தான் திறக்கலாம். நிறைய ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகவும் போட்டிருக்கிறார்கள். பழைய விவரப் பட்டியல்களில் பண்ணையாரைப் புகழ்ந்தும் அடிமைகளை ஒரு வரியில் கடந்தும் எழுதியிருந்ததைச் சில வருஷங்களாகத் திருத்துகிறார்கள். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை.

ஆனால் ஸ்கேன் என்பது படம். தேடுகிற பெட்டியில் ஒரு பெயரை அடித்தால் 1800களின் கோணல் கையெழுத்துக்குள் போய் அது தேடாது. அதிலும் அடிமைகளுக்கு அந்தக் கணக்கில் பெரும்பாலும் முதல் பெயர் மட்டும்தான். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். தாய் பெயர், எந்தக் குடியிருப்பு, எந்த வருஷம் என்று சேர்த்துப் பார்த்தால்தான் இவர் வேறு அவர் வேறு என்று பிரியும். முதலாளியின் பெயரோ பெட்டியின் மேலேயே கொட்டை எழுத்தில் இருக்கிறது. தேடி வருகிற பேத்திக்கு முதலாளி யார் என்று முதலில் தெரிந்தால்தான் சரியான பெட்டியையே கேட்க முடியும். பல குடும்பங்களுக்கு அதுதான் தெரியாது.

அதனால் என் கருத்து இது. புதிதாகக் காகிதம் வாங்குவது, கண்ணாடிப் பெட்டிக் கண்காட்சி, நூற்றாண்டு விழா எல்லாவற்றையும் பின்னால் தள்ளுங்கள். முதல் காசு பெயர்களைப் படித்து எழுதுகிற ஆட்களுக்குப் போகட்டும். தன்னார்வலர் தலையில் கட்டாமல் சம்பளம் கொடுத்துச் செய்யுங்கள். அந்த ஊர்க் கறுப்பினக் குடும்பங்களில் இதைப் பல வருஷமாகத் தாங்களே செய்துவருகிற பெரியவர்கள் இருக்கிறார்கள், அவர்களை அதிகாரத்தோடு உட்கார வையுங்கள். கையெழுத்தைப் படிக்கிற மென்பொருள் வந்துவிட்டதே என்பீர்கள். நானும் அந்தத் தொழிலில்தான் பிழைக்கிறேன். சாதாரண வாக்கியத்தை அது ஓரளவு படித்துவிடும், பெயரில்தான் சறுக்கும். இங்கே நமக்கு வேண்டியதே பெயர்தான்.

காசு எங்கே என்று கேட்பவர்கள் மேரி ரஃபின் ஸ்மித்தின் உயிலைப் பார்க்கலாம். சேப்பல் ஹில் பக்கத்துப் பண்ணையார் குடும்பம். 1885இல் அவர் இறந்தபோது சொத்தில் பெரும்பகுதி இந்தப் பல்கலைக்கழகத்துக்கும் தேவாலயத்துக்கும் போனது. அவருடைய அண்ணன் தம்பிகளுக்கு ஹேரியட் என்கிற அடிமைப் பெண்ணிடம் பிறந்த பெண்களுக்கு, அதாவது அவருடைய சொந்த அண்ணன் தம்பி பெண்களுக்கு, துண்டு நிலம் கிடைத்தது. அவர்களில் ஒருத்தியான கொர்னீலியாவின் பேத்திதான் பாலி மர்ரி, பிற்பாடு புகழ்பெற்ற வழக்கறிஞர். 1938இல் அவர் இதே பல்கலைக்கழகத்தில் சேர விண்ணப்பித்தார். கறுப்பினத்தவர் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மேரி ரஃபின் ஸ்மித்தின் காகிதங்கள் மட்டும் வில்சன் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. காப்பகத்தைத் தொடங்கிய அந்த ஹாமில்டனின் பெயரில் பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டடம் உண்டு; 2020இல் அதில் இருந்த துறைகள் தாங்களாகவே அதைப் பாலி மர்ரி கட்டடம் என்று அழைக்கத் தொடங்கின. பலகையை மாற்றுவதற்குப் பல்கலைக்கழகம் எவ்வளவு வேண்டுமானாலும் விவாதிக்கட்டும், ஹேரியட் போன்றவர்கள் எந்தப் பெட்டியில், எந்த ஃபோல்டரில், எந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போட விவாதம் எதுவும் தேவையில்லை.