அது கடைசிப் படம் அல்ல

டாமும் ஜெர்ரியும் ரயில் தண்டவாளத்தில் சோகமாக உட்கார்ந்திருக்கும் காட்சியைப் போட்டு, 'டாம் அண்ட் ஜெர்ரி' கார்ட்டூன் தொடரின் கடைசிப் படம் இதுதான், இதோடு கதையை முடித்துவிட்டார்கள் என்று இங்கே பலர் பகிர்ந்திருக்கிறார்கள்.

காட்சி உண்மையானது. 'ப்ளூ கேட் ப்ளூஸ்' என்ற அந்தக் குறும்படம் 1956 நவம்பரில் வெளியானது. காதலில் தோற்ற டாமின் கதையை ஜெர்ரியே சொல்லும். ரயில் வரும் ஊதல் ஒலியோடு படம் முடியும். இந்தத் தொடருக்குச் சற்றும் பொருந்தாத இருட்டு அதில் உண்டு என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் அது கடைசிப் படம் அல்ல. அடுத்த மாதமே 'பார்பெக்யூ ப்ரால்' வந்தது. இருவரும் எந்தக் காயமும் இல்லாமல் திரும்பிவிட்டார்கள்! வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் எம்ஜிஎம் நிறுவனத்துக்காக இயக்கிய வரிசை 1958 ஆகஸ்டில் 'டாட் வாட்சர்ஸ்' படத்தோடுதான் நின்றது. 1961 முதல் ஜீன் டைச், பிறகு சக் ஜோன்ஸ் என்று வேறு இயக்குநர்கள் தொடர்ந்தார்கள்.

சரிபார்ப்பது எளிது. விக்கிப்பீடியாவிலோ வேறு திரைப்படத் தரவுத்தளத்திலோ குறும்படப் பட்டியலை வெளியீட்டுத் தேதி வரிசையில் பாருங்கள். ஹன்னா, பார்பரா இயக்கிய 114 படங்களில் 'ப்ளூ கேட் ப்ளூஸ்' 103ஆவதாக இருக்கும். தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும் வரிசையை மட்டும் நம்ப வேண்டாம். அங்கே படங்களைக் கலைத்துப் போடுவது வழக்கம்.