மீட்கப்பட்ட சிறுமியைக் காட்சிக்கு வைக்காதீர்கள்

கடத்தப்பட்ட ஒரு சிறுமியை ஒரு கட்டடத்திலிருந்து மீட்ட தன்னார்வலர் குழு, அந்த மீட்பைப் படம் பிடித்து வெளியிட்டிருக்கிறது. மூன்று நாள்களாக எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் அந்தக் காணொளியைப் பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். அதன் கீழே, "இந்தச் சிறுமியை ஏன் படம் பிடித்தீர்கள்?" என்று நான் எழுதிய ஒற்றை வரிக்கு, "உட்கார்ந்த இடத்தில் குறை சொல்பவர்களுக்குப் பொறாமை" என்று பதில் வந்தது. அதற்கு நூற்றுக்கணக்கானோர் விருப்பக்குறி இட்டிருக்கிறார்கள், அவர்களில் என் நண்பர்களும் உண்டு.

முகத்தை மறைத்துத்தானே வெளியிட்டிருக்கிறோம் என்கிறார்கள். முகம் மங்கலாகத்தான் இருக்கிறது. ஆனால் குரல் அப்படியே கேட்கிறது, தோளில் தொங்கும் பை தெரிகிறது, தன்னை அழைத்துச் சென்ற உறவினரின் முறையைச் சொல்லி அவள் அழுவதும் கேட்கிறது. அவளை முன்பே அறிந்தவர்களுக்கு இவ்வளவு போதும். ஆட்கடத்தலில் சிறுமிகளைக் கைமாற்றிவிடுபவர்கள் பெரும்பாலும் எங்கிருந்தோ வந்த முகமூடிக்காரர்கள் அல்லர். வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன உறவினர், திருமணம் செய்துகொள்வதாகச் சொன்ன இளைஞன், குடும்பத்துக்குத் தெரிந்த பெண்மணி என்று அவளை நன்கு அறிந்தவர்களே. இந்தக் காணொளி அவள் இப்போது யாரிடம் இருக்கிறாள், எவ்வளவு பேசிவிட்டாள் என்பதை அவர்களுக்கே சொல்லிக்கொடுக்கிறது.

இது என் சொந்தக் கருத்து மட்டுமன்று. 2000-ஆம் ஆண்டில் ஐ.நா. ஏற்றுக்கொண்ட, ஆட்கடத்தலைத் தடுப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையான பலேர்மோ நெறிமுறையின் 6-ஆவது பிரிவு, பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தையும் அந்தரங்கத்தையும் காக்கும் கடமையை அரசுகளுக்கு விதிக்கிறது. அரசுக்கே உள்ள அந்தக் கடமை, கைப்பேசியோடு போகும் தன்னார்வலருக்கு இல்லையா?

"படம் பிடிக்க அவளே சம்மதித்தாள்" என்கிறார்கள். 18 வயதுக்கு உட்பட்டவரைச் சுரண்டலுக்காகக் கொண்டுசென்றால், மிரட்டலோ ஏமாற்றோ நடந்ததாக நிரூபிக்காவிட்டாலும் அது கடத்தல்தான் என்று அதே நெறிமுறை சொல்கிறது. அவள் ஒப்புக்கொண்டாள் என்பது கடத்தியவருக்குத் துணை வராது. அப்படியிருக்க, கதவைத் திறந்து வெளியே அழைத்து வந்தவரே ஒலிவாங்கியை நீட்டும்போது அவள் எப்படி மறுப்பாள்? மறுத்தால் திரும்ப அங்கேயே விட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் தலையாட்டிய சிறுமிகளை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், காப்பகத்தில் இருந்த ஒரு சிறுமியோடு மருத்துவமனைக்கும் வாக்குமூலம் கொடுக்கவும் துணைக்குப் போய்வந்தேன். முதல் இரண்டு மாதங்கள் அவள் என்னிடம் தன் சரியான பெயரைக்கூடச் சொல்லவில்லை. பிறகு மெல்லப் பேசத் தொடங்கி, படிப்பைத் தொடர்ந்து, பள்ளியில் ஒரு தோழியையும் பிடித்தாள். அந்த நேரத்தில்தான் ஓர் அமைப்பு தன் ஆண்டு மலரில் அவள் பின்பக்கமாக நிற்கும் படத்தை அச்சிட்டது. பின்னலையும் நிற்கும் விதத்தையும் வைத்தே வகுப்பில் கண்டுபிடித்துவிட்டார்கள். "அக்கா, எல்லாப் புத்தகத்தையும் திரும்ப வாங்கிர முடியுமா?" என்று கேட்டாள். அதன்பின் அவள் பள்ளிக்குப் போகவில்லை. அந்தப் படம் எடுக்கப்பட்டபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். முகம் தெரியவில்லையே என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். எனக்குப் பொறாமை என்று எழுதியவர்களுக்கு இது தெரியாது.

நன்கொடை வராதே என்ற கேள்வி நியாயமானது, அதை ஒதுக்க மாட்டேன். காப்பகத்தில் ஆலோசகருக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் திணறியதை நேரில் கண்டிருக்கிறேன். ஆனாலும் அந்தப் பணத்தை அவளைக் காட்டித்தான் திரட்ட வேண்டுமென்றால், இவ்வளவு காலம் அவளைக் காட்டிப் பணம் பார்த்தவர்களைப் பற்றி நாம் எந்த வாயால் பேசுவது? கடுமையான சொல்தான். வேண்டுமென்றேதான் எழுதுகிறேன்.

விழிப்புணர்வு என்று சொல்பவர்களுக்கு ஒன்று. 2021-ஆம் ஆண்டுக்கான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டின்படி, கட்டாயப் பாலியல் சுரண்டலில் சிக்கியிருந்தவர்கள் சுமார் 63 லட்சம் பேர். அவர்களில் 17 லட்சம் பேர் குழந்தைகள். இந்த எண்ணிக்கையைக் கதவு உடைக்கும் காட்சிகள் குறைக்காது. பள்ளியிலிருந்து நின்ற சிறுமியின் வீட்டுக்கு அந்த வாரமே போய் விசாரிப்பதும், வெளியூர் வேலைக்கு அழைக்கும் தரகர் யார் என்று தாயோடு உட்கார்ந்து கேட்பதும், மீட்கப்பட்டவள் வழக்கு முடியும்வரை தன் சாட்சியத்தில் பிறழாமல் நிற்க ஆண்டுக்கணக்கில் துணையிருப்பதுமே குறைக்கும். இவற்றில் படம் பிடிக்க எதுவும் இல்லை. இதைச் செய்யும் பெண்களின் பெயர்கூட உங்களுக்குத் தெரியாது, அவர்களைத்தான் உட்கார்ந்த இடத்தில் குறை சொல்பவர்கள் என்கிறீர்கள்.

காவல்துறைக்குச் சொல்லாமல் நேரலையோடு உள்ளே போனதைப் பற்றித் தனியே எழுத வேண்டும். அந்தக் கட்டடத்தில் வேறு சிறுமிகள் இருந்திருந்தால், நேரலை தொடங்கிய சில நிமிடங்களில் அவர்களை வேறிடம் மாற்றியிருப்பார்கள். இதைக் கேட்டவரை அந்தக் குழுவினர் தங்கள் பக்கத்தில் தடை செய்திருக்கிறார்கள்.

காணொளியை நீக்கும்படி அந்தக் குழுவுக்கு மூன்று முறை தனிச்செய்தி அனுப்பிவிட்டேன். பகிர்ந்த நண்பர்கள் ஏழு பேரிடம் கேட்டேன், நான்கு பேர் நீக்கிவிட்டார்கள். இதை எழுதும் இந்த நேரத்திலும் அவள் குரல் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.