ராலேயின் தலையும் கோண்டோமார் பிரபுவும்
ஸ்பானியத் தூதர் கோண்டோமார் பிரபுவின் பேச்சில் மயங்கித்தான் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1618-இல் ஆங்கிலேயக் கடலோடி வால்டர் ராலேயின் தலையை வெட்டச் செய்தார் என்று ஒரு கட்டுரை கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ராலேக்கு மரண தண்டனை 1603-லேயே விதிக்கப்பட்டுவிட்டது. பதின்மூன்று ஆண்டுகள் லண்டன் கோபுரச் சிறையில் இருந்தவர், ஸ்பானியர்களைத் தாக்குவதில்லை என்று வாக்களித்துத்தான் தங்கம் தேடி தென்னமெரிக்காவின் கயானாவுக்குக் கப்பலேறினார். அவர் நோயுற்று டிரினிடாடில் தங்கியிருந்தபோது, அவருடைய ஆட்கள் ஓரினோகோ நதிக்கரையில் இருந்த சான் தோமே என்ற ஸ்பானியக் குடியிருப்பைத் தாக்கினர். அதில் ஸ்பானிய ஆளுநர் பலோமேக்கேயும் ராலேயின் மகனும் மாண்டனர். தண்டனையை நிறைவேற்றியே தீர வேண்டும் என்று கோண்டோமார் வற்புறுத்தியது உண்மைதான், ஆனால் அவர் 1618 ஜூலையிலேயே லண்டனை விட்டுப் புறப்பட்டுவிட்டார். தன் தலையை வெட்டவிருந்த கோடரியின் கூர்மையை ராலே விரலால் தடவிப் பார்த்த அக்டோபர் 29 அன்று கோண்டோமார் அங்கே இல்லை. தன் மகனுக்கு ஸ்பானிய இளவரசியை மணமுடிக்க விரும்பிய ஜேம்ஸ் தாமே எடுத்த முடிவு அது. சொந்த மன்னரின் பழியை அயல்நாட்டுத் தூதர் மீது சுமத்துவது அன்றைய லண்டன்வாசிகளுக்கு வசதியாக இருந்தது. ஸ்பெயினின் வயாடோலிட் நகரில் இருந்த தம் மாளிகையில் மாபெரும் நூலகத்தைச் சேர்த்து வைத்த கல்விமான் கோண்டோமாரை இன்றும் நாம் வெறும் சூழ்ச்சிக்காரராகவே எழுதிக்கொண்டிருப்பது பெரும் அநீதி.