அது கப்பல் கட்டிய கூடம் அல்ல

இத்தாலியின் வெனிஸ் நகரில் பியனாலே என்ற கலைக் கண்காட்சி நடக்கும் நீண்ட தூண் மண்டபத்தின் படத்தைப் போட்டு, ‘போர்க்கப்பல்கள் கட்டிய கூடம்’ என்று பகிர்கிறார்கள். தவறு. அது ஆர்செனாலே கடற்படைத் தளத்தின் கயிறு திரிக்கும் கூடம்; பெயர் கோர்தெரியே. கப்பல்களைக் கட்டியது அதே வளாகத்தின் வேறு கொட்டகைகளில்.

நீளமே இதற்குச் சாட்சி: 300 மீட்டருக்கும் மேல். நங்கூரக் கயிற்றை ஒட்டுப்போடாமல் திரிக்க வேண்டுமென்றால், புரிகளை நேராக இழுத்துக் கட்டித்தான் முறுக்க வேண்டும். முறுக்க முறுக்கக் கயிறு குறுகும். அதனால் கயிற்றைவிடக் கூடம் நீளமாக இருந்தாக வேண்டும். கப்பல் கட்ட இவ்வளவு நீளம் எதற்கு?

இன்று நிற்கும் கட்டடத்தை 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பியவர் அன்டோனியோ த பொன்தே. வெனிஸின் ரியால்டோ பாலமும் அவருடையதுதான். அப்புறம், 1980இல் கட்டடக்கலைக் கண்காட்சிக்காக இது திறக்கப்பட்டது. அந்தத் தூண்களுக்கு நடுவே உழைத்தவர்கள் கயிறு திரித்தவர்கள். படத்தைப் பகிரும்போது அவர்களையும் சொல்லுங்கள்.