பூனை வளர்க்கும் வீட்டுக்கு லாவெண்டர் எண்ணெய் எதற்கு?

லாவெண்டர் எண்ணெய் எங்கள் வீட்டிலும் இருக்கிறது. அம்மா படுக்கப்போகும்போது கைக்குட்டையில் இரண்டு சொட்டு விட்டுத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். தூக்கம் வருகிறது என்கிறார். வந்தால் நல்லதுதானே. அதனால் எனக்கு எண்ணெய் மீது கோபம் இல்லை. தி.நகரில் செல்லப்பிராணிகளுக்கான ஒரு கடையில் டிஃப்பியூசரும் (எண்ணெய் வாசனையை அறையில் பரப்பும் கருவி) லாவெண்டர் பாட்டிலும் சேர்த்து, மேலே பூனைப் படம் போட்டு, "உங்கள் செல்லத்துக்கு நிம்மதி" என்று விற்கிறார்களே, அதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் மனிதர்கள் கதை. அந்த வாசனைக்கு முக்கியக் காரணம் லினலூல், லினலைல் அசிடேட் என்கிற இரண்டு சேர்மங்கள். பல் பிடுங்கப்போகும் முன் முகர்ந்தவர்களுக்குப் பதற்றம் குறைந்தது, தூக்கம் கொஞ்சம் மேம்பட்டது என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. ஆனால் பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். தவிர, மாத்திரை ஆய்வில் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிடலாம். லாவெண்டர் வாசனையை மூக்குக்குத் தெரியாமல் எப்படிக் கொடுப்பது? நல்ல மணம், மங்கிய விளக்கு, கைபேசியைத் தூர வைத்தது எல்லாம் சேர்ந்துதான் தூக்கத்தைக் கொண்டுவருகிறது என்று நினைக்கிறேன். அதில் தப்பும் இல்லை.

உள்ளுக்குச் சாப்பிடும் லாவெண்டர் எண்ணெயும் இருக்கிறது. ஜெர்மனியில் 80 மில்லிகிராம் காப்ஸ்யூலாகப் பதற்றத்துக்குக் கொடுக்கிறார்கள். அதற்கு ஓரளவு உருப்படியான ஆய்வுகளும் உண்டு. அளவும் தரமும் கட்டுப்படுத்தித் தயாரிக்கிற மருந்து அது. அதைப் படித்துவிட்டு, நூற்றைம்பது ரூபாய் பாட்டிலிலிருந்து டீயில் சொட்டு விடுகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. நீலகிரித் தைலத்தை யாராவது டீயில் ஊற்றிக் குடிப்போமா?

தீக்காயத்துக்கு லாவெண்டர் என்றதும் எல்லாரும் சொல்வது கத்தஃபோசே கதை. பிரெஞ்சு வேதியியலாளர், 1910இல் ஆய்வுக்கூட விபத்தில் கை வெந்ததாம், பக்கத்திலிருந்த லாவெண்டர் தொட்டியில் கையை முக்கினாராம், உடனே ஆறிவிட்டதாம். தொட்டியெல்லாம் பிற்காலத்தில் ஒட்டவைத்தது. காயம் அழுகத் தொடங்கிய பிறகு, கிருமியை ஒழிக்க வேண்டுமென்றே லாவெண்டர் எண்ணெயால் கழுவியதாகத்தான் அவரே 1937இல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதினார். நம் வீட்டில் குக்கர் ஆவி பட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: குழாயைத் திறந்து இருபது நிமிடம் தண்ணீரில் காட்டுங்கள். எண்ணெய் வேண்டாம்.

தோலில் தடவுவதாக இருந்தால் 30 மில்லி தேங்காய் எண்ணெய்க்குப் பன்னிரண்டு சொட்டு போதும். அது இரண்டு சதவீதம் வரும். பழைய பாட்டில் கூடாது. காற்றுப் பட்டால் லினலூல் ஆக்சிஜனேற்றம் அடைந்து தோல் ஒவ்வாமையைத் தூண்டும் பொருளாக மாறுகிறது. சென்னை வெயிலில், மூடி சரியாக மூடாத பாட்டில் என்ன கதியாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஃபிரிட்ஜில் வையுங்கள். கொசுவுக்கு இதை நம்ப வேண்டாம், சீக்கிரம் ஆவியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெங்கு வரும் ஊரில் கொசுவலைதான் பேசும்.

இப்போது பூனை. மனிதக் கல்லீரல் இந்த மாதிரிச் சேர்மங்கள் பலவற்றைக் குளுகுரோனிக் அமிலத்தோடு இணைத்துச் சிறுநீரில் தள்ளிவிடும். பூனைக்கு அந்த வேலைக்கான நொதிகள் மிகக் குறைவு. ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடக்கூடும் என்பதற்கும் இதுதான் காரணம். நமக்கு இதமாக இருப்பது அதன் உடம்பில் தேங்கி நிற்கிறது. அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பு லாவெண்டர் செடியையே பூனை, நாய், குதிரை மூன்றுக்கும் நச்சு என்று பட்டியலிட்டிருக்கிறது. எண்ணெய் அந்தச் செடியின் பல மடங்கு செறிவு.

"தடவவில்லையே, டிஃப்பியூசரில்தானே போடுகிறேன்" என்பார்கள். தண்ணீர் ஊற்றி வைக்கும் டிஃப்பியூசர் வாசனையை மட்டும் அனுப்புவதில்லை. எண்ணெய்யையே நுண்துளிகளாகத் தெளிக்கிறது. அந்தத் துளிகள் சோபாவிலும் பூனையின் முடியிலும் படியும். பூனையோ நாள் முழுக்கத் தன்னை நக்கிக்கொண்டே இருக்கும் ஜீவன். அதிலும் நம் வீடுகளில் ஏ.சி. போட்டால் ஜன்னல், கதவு எல்லாம் அடைப்பு. பூனைக்குப் போக இடமே இல்லை.

எங்கள் அடுக்ககத்தில் ஒருவர், இணையத்தில் பார்த்து, தெள்ளுப்பூச்சி போக வேண்டும் என்று பூனையின் கழுத்தில் நேரடியாகத் தேய்த்துவிட்டார். ராத்திரியே வாயில் எச்சில் ஒழுகியது, நடை தள்ளாடியது. வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டது. உங்கள் வீட்டில் இப்படி நடந்தால், பூனை தெளிவாக இருக்கும் பட்சத்தில், பாத்திரம் கழுவும் மென்மையான லிக்விடை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்து எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். வாந்தி எடுக்கவைக்க முயற்சி செய்யாதீர்கள். பாட்டிலை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

நாய் விஷயம் கொஞ்சம் வேறு. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் டெபோரா வெல்ஸ், காரில் ஏறினால் ஆர்ப்பாட்டம் செய்யும் 32 நாய்களை வைத்து ஆராய்ந்தார், 2006இல் வெளியானது. லாவெண்டர் மணம் இருந்த பயணங்களில் அவை அதிக நேரம் அமைதியாகப் படுத்திருந்தன. நல்ல சேதிதான். ஆனால் அது காரில் பரவியிருந்த மணம். நாயின் மேல் தேய்த்ததோ, தண்ணீரில் கலந்து கொடுத்ததோ இல்லை. நாய்க்கு மூக்கு எப்படிப்பட்டது என்று தெரியும். நமக்கு லேசாக இருக்கும் வாசனை அதற்கு லேசு இல்லை. வைப்பதானால் ஒரு துணியில், அறைக்கதவைத் திறந்து, அது எழுந்து போக நினைத்தால் போகும்படி வையுங்கள். தீபாவளி வெடிக்கு இதை நம்பிக் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். கட்டிலுக்கு அடியில் நடுங்கும் நாய்க்கு வேண்டியது மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மாத்திரை. இரண்டு வாரம் முன்னாலேயே போய்க் கேளுங்கள்.

லவ்பேர்ட்ஸ் வளர்ப்பவர்களுக்கு ஒரே வரி: பறவைகளின் சுவாசம் மிக நுட்பமானது, கூண்டு இருக்கும் அறையில் டிஃப்பியூசரே வேண்டாம்.

வாங்குவதாக இருந்தால் 'லவாண்டுலா அங்குஸ்டிஃபோலியா' என்ற தாவரப் பெயர் லேபிளில் இருக்கிறதா பாருங்கள். 'லவாண்டின்' என்றால் அது கலப்பினம், கற்பூர நெடி கூடுதல். வெறும் 'ஃபிராக்ரன்ஸ் ஆயில்' என்றால் வாசனை மட்டும்தான். ஜம்முவின் தோடா மாவட்டத்தில், பதேர்வா பக்கம், மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். ஆராய்ச்சி அமைப்பு நடத்தும் நறுமணத் திட்டத்தால் மக்காச்சோளத்திலிருந்து லாவெண்டருக்கு மாறிய விவசாயிகள் நல்ல எண்ணெய் எடுக்கிறார்கள். நான் அங்கிருந்து வருவதைத்தான் தேடி வாங்குகிறேன்.

"எங்கள் பூனை மூன்று வருஷமாக டிஃப்பியூசர் பக்கத்தில்தான் தூங்குகிறது, ஒன்றும் ஆகவில்லையே" என்று கமெண்ட் வரும், தெரியும். அறை பெரிதாக இருக்கலாம், எண்ணெய் போலியாக இருக்கலாம், பூனைக்கு அதிர்ஷ்டம் இருக்கலாம். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது, கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனையும் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். முடிவு எப்படி வந்தாலும் இங்கேயே எழுதுங்கள்.