'வைரஸ் தெரியவில்லை' என்றால் குணமாகிவிட்டது என்று பொருளல்ல

பிரார்த்தனைக் கூட்டத்துக்குப் போன ஒருவருக்குப் பரிசோதனையில் 'வைரஸ் தெரியவில்லை' என்று வந்ததாம், அதனால் இனி எச்ஐவி மாத்திரை வேண்டாம் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பரிசோதனை முடிவு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பொதுவாக அது தினமும் விழுங்கிய மாத்திரையின் வேலை. இரத்தத்தில் வைரஸின் அளவு பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்தாலும், சில நோயெதிர்ப்புச் செல்களுக்குள் வைரஸ் உறங்கிக் கிடக்கும். மாத்திரையை நிறுத்தினால், பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலேயே மறுபடி பெருகிவிடும். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கே கட்டுப்படாத வகை உருவாகும் ஆபத்தும் உண்டு.

பிரார்த்திக்க வேண்டாம் என்று யார் சொன்னது? தாராளமாகச் செய்யட்டும், மாத்திரையோடு சேர்த்து.

அப்புறம், உங்கள் பதிவின் கீழே இன்னொருவர் 'மத அமைப்புகள் எச்ஐவி நோயாளிகளை ஒதுக்கியதைத் தவிர வேறென்ன செய்தன?' என்று கேட்கிறார். ஒதுக்கியது உண்மை, பாவத்தின் தண்டனை என்று போதித்தவர்கள் நிறைய. ஆனால் உகாண்டாவின் ஆங்கிலிக்கன் கிறிஸ்தவப் போதகர் கிடியன் பியாமுகிஷா, தனக்கு எச்ஐவி இருப்பதை 1992-லேயே வெளிப்படையாகச் சொன்னவர். அதே நாட்டில் இஸ்லாமிய மருத்துவச் சங்கம் இமாம்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக விளக்க அனுப்பியது. மருத்துவர் சொல்லி நம்பாதவர்கூட, ஒரே தட்டில் சாப்பிட்டால் தொற்றாது என்று போதகர் சொன்னால் கேட்பார்.

இன்னொன்று: தொடர்ந்து மாத்திரை எடுத்து வைரஸ் தெரியாத அளவில் இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவாது. கூட்டங்களில் சொல்லவேண்டிய செய்தி இதுதான்.